அது பொம்மை அன்று!

சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் மாணவர் கண்காட்சி நடைபெற்றது. எரிமலை, மழைநீர்ச் சேமிப்பு, மனித இதயம் என்று மேசைதோறும் மாணவர்களின் கைவேலைகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், தான் நான்கு மாதம் உழைத்து உருவாக்கிய மாதிரி விமானம் ஒன்றை வைத்திருந்தான். இரண்டாம் உலகப் போரில் பறந்த ‘ஸ்பிட்ஃபயர்’ என்னும் பிரிட்டிஷ் போர் விமானத்தை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி அமைத்த உருவம் அது.

கண்காட்சியைத் திறந்து வைக்க வந்த பெரியவர் ஊராரின் மதிப்புக்குரியவர். நானும் அவரை மதிப்பவன். அந்த மேசையருகே வந்ததும் அவர் நின்றார். “இது கொலைக் கருவி. இதைப் பொம்மையாக்கிப் பிள்ளைகளின் முன் வைப்பது போரைப் போற்றுவதாகும். இத்தனை நாள்களை இதில் வீணாக்கிய மாணவனை யாரும் கண்டிக்கவில்லையா?” என்று கேட்டார். அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் விமானம் மேசையிலிருந்து அகற்றப்பட்டது. கண்காட்சி முடியும்வரை வெறும் மேசைக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

அவன் என் தங்கை மகன். அன்றிரவு அட்டைப்பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு என் வீட்டிற்கு வந்தான். “மாமா, இது உங்களிடமே இருக்கட்டும். எங்கள் வீட்டில் இருந்தால் அத்தா வெளியே எறிந்துவிடுவார்கள்” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று முதல் அவன் பசையையும் தூரிகையையும் தொடவில்லை என்று தங்கை சொல்லி அறிந்தேன்.

இக்கட்டுரையை எழுதும் மேசையின் மீதுதான் அவ்விமானம் இருக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவு மாணவர்களுக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். ஒரு பொருள் ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

அப்பிள்ளையின் மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் மூன்று. வீண் வேலை என்பது முதற் குற்றம். உருவம் செய்வது நமக்குத் தகாது என்று பின்னர் உறவினர் ஒருவர் வீட்டில் கிளப்பிவிட்டது இரண்டாவது. போரைப் போற்றுகிறது என்பது மூன்றாவது. மூன்றையும் மறுக்கிறேன். மூன்றாவதில் மட்டும் ஓர் உண்மையும் கலந்திருக்கிறது, அதனை மறைக்கமாட்டேன்.

நான்கு மாதத்தில் அவன் செய்தது என்ன?

கடையில் வாங்கிய விமானத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டான் என்று சிலர் எண்ணியிருக்கலாம். கடையில் கிடைப்பது விமானம் அன்று. சட்டங்களில் பிணைந்திருக்கும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகளும், ஒரு வரைபடத் தாளும், நீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படலமும்தான் பெட்டிக்குள் இருக்கும். அவற்றை விமானமாக்குவது செய்பவன் கையில் இருக்கிறது.

வேலை விமானியின் இருக்கையில் தொடங்குகிறது. வெளியே ஒன்றும் தெரியாத நிலையில் உள்ளறையைத்தான் முதலில் முடிக்க வேண்டும். சாம்பல் கலந்த பச்சை வண்ணம், கருவிப் பலகை, வளையம் போன்ற கைப்பிடியுடைய இயக்கக் கோல், கால் மிதிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வண்ணமிட்டு அமைக்க வேண்டும். விமானியைப் பிணைக்கும் வார்களை மிட்டாய் சுற்றிய ஈயத்தாளைக் கீறி அவன் செய்திருக்கிறான். அதன் பிறகே உடலின் இரு பாதிகளும் இணைக்கப்படும். இதற்குரிய பசை நாம் அறிந்த கோந்தைப் போன்றதன்று. அது பிளாஸ்டிக்கையே சிறிது கரைத்து ஒன்றோடொன்று உருகிச் சேரச் செய்வது. ஒரு துளி கூடினால் பரப்பே பாழாகிவிடும். இணைப்பில் எஞ்சும் கீறலைப் பூச்சால் அடைத்து, நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, மறைந்து போன தகட்டுக் கோடுகளை ஊசிமுனையால் மீண்டும் கீற வேண்டும். இறக்கைகள் இரண்டும் ஒரே அளவில் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க அவன் அட்டையில் கோணம் வெட்டி வைத்து அளந்திருக்கிறான். பிறகு அடிப்புறத்திற்கு இளம்பச்சை கலந்த வான் நிறம். மேற்புறத்திற்குப் பழுப்பும் கரும்பச்சையும். இறுதியில் எழுத்துகள், வளையச் சின்னங்கள், அவற்றின்மேல் ஒளிராத மெருகு.

உண்மையான விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 36 அடி 10 அங்குலம். மேசையில் இருப்பது 23 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். உண்மையில் அரை அங்குலமாக இருக்கும் ஒன்று இங்கே அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. அந்த அளவிற்குக் கண்ணும் கையும் பழகாமல் இந்த வேலை முடியாது. நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இரு இறக்கைகளின் சாய்விலும் வேறுபாடு காணவில்லை. வால்பக்க இணைப்பில் ஓர் இடத்தில் கோடு சற்றுத் தெரிகிறது. இதற்கு நான் கொடுக்கும் மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூறு.

வீண் வேலையா?

இனி முதற் குற்றத்திற்கு வருவோம். நம் சமுதாயத்தில் கல்வி வளர்ந்திருக்கிறது; அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கல்வி என்றால் மனப்பாடம், மனப்பாடம் என்றால் மதிப்பெண் என்றாகிவிட்டதைக் கவனித்தீர்களா? பொறியியல் பட்டம் பெற்று வந்த இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். விசையைக் கணக்கிடுவார்கள், ஒரு திருகாணியை நேராக முடுக்கத் தெரியாது. கையால் செய்யும் வேலை கீழானது என்ற எண்ணம் நம் வீடுகளில் எப்படிப் புகுந்தது? தச்சரும் கொல்லரும் நெசவாளரும் மரக்கலம் கட்டியவர்களும் நம் முன்னோர்களில் இல்லையா? பிள்ளை நான்கு மணி நேரம் கைபேசியைப் பார்த்திருந்தால் வீட்டில் யாரும் கண்டித்திருக்க மாட்டார்கள். நான்கு மணி நேரம் உப்புத்தாள் தேய்த்ததால் அவன் குற்றவாளியாகிவிட்டான்!

மாதிரி செய்பவன் தேய்ப்பதோடு நிற்பதில்லை, கேட்கவும் செய்கிறான். “இறக்கையில் தறையாணிகளின் தலைகள் புடைத்திருக்க வேண்டுமா, மாமா?” என்று ஒருநாள் என் மருமகன் கேட்டான். சில பழைய அச்சுகளில் விமானம் முழுவதும் அம்மை போட்டாற்போலத் தறையாணிப் புள்ளிகள் மேலெழுந்து நிற்கும். விடை தேடியபோது இருவருக்கும் கிடைத்த வரலாறு சுவையானது.

தலை பரப்போடு பரப்பாக அமிழ்ந்திருக்கும் தறையாணிகளைப் பொருத்துவது செலவும் நேரமும் பிடிக்கும் வேலை. புடைத்த தலையுடையவை எளியவை. ஆனால் அவை காற்றைத் தடுக்கும். எந்த இடத்தில் எதைப் பயன்படுத்தலாம்? ஸ்பிட்ஃபயரை ஆக்கிய சூப்பர்மரைன் தொழிற்சாலையினர் இதற்கு ஒரு வழி கண்டனர். உடைத்த பட்டாணிப் பருப்பை வாங்கிவந்து, ஒவ்வொரு தறையாணியின் மீதும் ஒரு பருப்பை ஒட்டி விமானத்தைப் பறக்கவிட்டனர். வேகம் மணிக்கு 22 மைல் குறைந்தது. பிறகு ஒவ்வொரு பகுதியாகப் பருப்பைச் சுரண்டி எடுத்து மீண்டும் மீண்டும் பறந்து பார்த்தனர். இறக்கையில் ஆணிகள் அமிழ்ந்தே இருக்க வேண்டும், உடலின் பின்பகுதியில் புடைத்திருந்தாலும் கேடில்லை என்று கண்டறிந்தனர். பருப்பும் பசையும் கொண்டு நடந்த ஆராய்ச்சி! இதனை எந்தப் பாடநூலிலிருந்து அவன் கற்றிருப்பான்? தேர்வுக்கு வராத கேள்வியை அவன் கை கேட்டது; கண்ணும் மூளையும் விடை தேடின. அறிவு பிறக்கும் வழி இதுதான்.

அவ்விமானத்தை வரைந்த ஆர். ஜே. மிட்செல் 1933ஆம் ஆண்டிலேயே புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 1936 மார்ச் 5ஆம் நாள் முதல் விமானம் வானில் எழுந்ததைக் கண்டார். 1937 ஜூன் மாதம் தம் 42ஆம் வயதில் மறைந்தார். படைப்பிரிவு ஒன்றின் கையில் அது சேர்ந்ததைக் காண அவர் இல்லை. 1940 செப்டம்பரில் ஜெர்மானியர் சவுத்தாம்ப்டன் நகரத் தொழிற்சாலையைக் குண்டு வீசித் தகர்த்தபோது தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியோர் வேலையை நிறுத்தவில்லை. சாலிஸ்பரி, ரெடிங், டிரோபிரிட்ஜ் முதலிய ஊர்களின் மோட்டார்க் கொட்டகைகளிலும் பேருந்து நிலையங்களிலும் பகுதி பகுதியாக விமானம் செய்யப்பட்டது. அதற்கு முன் தொழிற்சாலை வாசலையே மிதித்திராத பெண்கள் தறையாணி அடிக்கக் கற்றனர். ஒரு நாட்டின் வலிமை அதன் மக்களின் கைகளில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உருவம் என்னும் ஐயம்

இரண்டாவது குற்றத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. நம் மார்க்க அறிஞர்கள் விவாதித்தது உயிருள்ளவற்றின் உருவங்களைப் பற்றி. மரம், கப்பல், கட்டடம் போன்ற உயிரற்றவற்றின் வடிவத்தில் தடையில்லை என்பது மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் அறிந்தது. விமானத்திற்கு உயிர் உண்டா?

பெட்டிக்குள் விமானி ஒருவரின் சிற்றுருவமும் இருந்ததாம். அதனைத் தங்கையின் மாமியார் கண்டு முகம் சுளித்தார். பாட்டியின் மனம் நோகக் கூடாது என்று பிள்ளை அதனைப் பொருத்தாமல் விட்டுவிட்டான். இருக்கை வெறுமையாக இருக்கிறது. பெரியோரை மதிக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் நாம் மேசையிலிருந்து விரட்டினோம்! அந்த வெற்றிருக்கையைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

போரைப் போற்றுகிறதா?

இனி மூன்றாவது குற்றம். இதுவே பெரிது.

நானும் போரை வெறுக்கும் வீட்டில் பிறந்தவன்தான். என் நன்னா அன்றைய ரங்கூனில் மொகல் தெருவில் கடை வைத்திருந்தார். 1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அந்நகரில் குண்டு வீசின. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தனர். வழியில் பசியாலும் நோயாலும் வீழ்ந்தோர் பல்லாயிரவர். நன்னா ஊர் வந்து சேர்ந்தார். அவருடைய தம்பி சேரவில்லை. முதுமையிலும் வானில் விமான ஒலி கேட்டால் முற்றத்தில் நிற்கமாட்டார், தாழ்வாரத்திற்குள் வந்துவிடுவார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவன் நான். போர் விமானம் அழகிய விளையாட்டுச் சாமான் என்று எனக்கு யாரும் சொல்ல முடியாது.

ஆகவேதான் சொல்கிறேன்: போரைப் போற்றுபவன் அதனை அறியாதவன். அறிய வேண்டுமானால் அருகே சென்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி அருகே அழைத்துச் செல்கிறது.

மாதிரி விமானத்தின் வரலாற்றையே பாருங்கள். 1939 செப்டம்பர் 6ஆம் நாள், போர் தொடங்கி மூன்று நாள்களே ஆகியிருந்தன. தேம்ஸ் நதியின் முகத்துவாரப் பகுதியில் ஸ்பிட்ஃபயர்கள், தம் நாட்டு ஹரிக்கேன் விமானங்களையே பகையென்று எண்ணிச் சுட்டு இரண்டை வீழ்த்தின. இளம் விமானி ஒருவர் தம்மவர் குண்டுக்கு இரையானார். ஒரு விமானத்தை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்திக் காணும் கண் இல்லையென்றால் என்ன நேரும் என்பதற்கு இது சான்று. பின்னர் வீரர்களுக்கு அக்கண்ணைப் பயிற்றுவிக்க மாதிரி விமானங்கள் பயன்பட்டன. 1942இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாதிரிகளைச் செய்து தருமாறு கேட்டது. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு; ஆறடி மனிதன் ஓரங்குலமாகும் கணக்கு. மாணவர் மரத்தில் செதுக்கித் தந்த விமானங்களைப் பார்த்து, எது தம்முடையது, எது பகைவருடையது என்று வீரர் கற்றனர். பள்ளி மாணவனின் கைவேலை தம்மவரைத் தாமே சுடாமல் காக்கும் பாடமாயிற்று. அதே கைவேலையை நாம் பள்ளியிலிருந்து வெளியேற்றினோம்.

இப்பொழுது மேசையில் இருக்கும் விமானத்தைப் பாருங்கள். இறக்கைகளின் முன்விளிம்பில் பக்கத்திற்கு நான்காக எட்டுச் சிவப்புச் சதுரங்கள் தெரிகின்றன. அழகுக்கு ஒட்டியவை அல்ல. துப்பாக்கிகளின் வாய்க்குள் அழுக்கும் ஈரமும் புகாமல் ஒட்டிய துணித் துண்டுகள். திரும்பி வந்த விமானத்தில் அவை கிழிந்திருந்தால் விமானி சுட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று தரையில் நிற்பவர் அறிந்துகொள்வர். துப்பாக்கிக்கு 300 தோட்டாக்கள் வீதம் மொத்தம் 2400. விசையைத் தொடர்ந்து அழுத்தினால் ஏறத்தாழப் பதினைந்து வினாடிகளில் தீர்ந்துபோகும். இந்த எந்திரம் முழுவதும் அந்தப் பதினைந்து வினாடிக்காகவே ஆக்கப்பட்டது.

விமானியின் அறைக்கு நேர் முன்னால் உள்ள மூடியைப் பாருங்கள். அதன் அடியில் இருப்பது பெட்ரோல் தொட்டி. இரு தொட்டிகளிலுமாக 85 காலன். தீப்பற்றினால் எரிவது முதலில் விமானியின் கைகளும் முகமும். அவ்வாறு எரிந்த இளைஞர்களுக்கு ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்னும் மருத்துவர் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகர மருத்துவமனையில் தோலை ஒட்டி முகம் அமைத்தார். அந்நோயாளிகள் 1941இல் தமக்கென ஒரு சங்கம் கண்டு, சோதனைக்குரிய சீமைப்பெருச்சாளியின் பெயரை அதற்குச் சூட்டிக்கொண்டனர். இத்தொட்டியின் இடத்தைத் தன் கையால் பொருத்திய பிள்ளை போரைப் போற்றுவானா? அன்றி, மேடையில் வீரம் பேசுவதைக் கேட்ட பிள்ளை போற்றுவானா? பெரியவர் சிந்திக்கட்டும்.

ஹைதராபாத் எங்கே வந்தது?

உடலின் பக்கத்தில் ‘யு எம்’ என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. அவை 152ஆம் படைப்பிரிவின் குறியீடு. 1940 கோடையில் இங்கிலாந்தின் தென்கரையில் வார்ம்வெல் தளத்திலிருந்து பறந்த பிரிவு அது. வரைபடத் தாளில் அதன் பெயரோடு ‘ஹைதராபாத்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு பிள்ளை திகைத்தான். “இங்கிலாந்து விமானத்தில் நம் ஹைதராபாத் ஏன், மாமா?” என்று என்னிடம் ஓடிவந்தான்.

ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான் கொடுத்த பணத்தின் நினைவாக வந்த பெயர் அது. படைப்பிரிவின் சின்னமே நிஜாமின் தலைப்பாகைதான். ‘நம்பிக்கைக்குரிய நேசர்’ என்பது அதன் வாசகம். முதல் உலகப் போரிலும் அவர் 110ஆம் பிரிவுக்கு விமானங்கள் வழங்கியவர். 253ஆம் பிரிவும் ஹைதராபாத் பெயர் தாங்கியதே. சென்னை மாகாணமும் பின்தங்கவில்லை. 79, 234, 264 ஆகிய மூன்று பிரிவுகள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கிப் பறந்தன. ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5000 பவுன் என்று விலை வைத்து சாம்ராஜ்யம் முழுவதும் நிதி திரட்டிய காலம் அது.

பணம் இங்கிருந்து போயிற்று. விமானம் லண்டன் வானத்தைக் காத்தது. நாஜிகளின் கொடுமை வெல்லாமல் தடுத்ததில் அதற்குப் பங்கு உண்டு என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்வோம். ஆனால் 1941இல் ரங்கூனில் நம்மவர் தலையில் குண்டு விழுந்தபோது அங்கே ஒரு ஸ்பிட்ஃபயரும் இல்லை. 1943இல் வங்காளத்தில் 30 லட்சம் பேர் வரை பட்டினியால் மாண்டனர் என்று கணக்கிடுகிறார்கள். அவர்கள் பெயரை எந்த விமானமும் தாங்கவில்லை. 1943 இறுதியில்தான் அதே 152ஆம் பிரிவு கிழக்கே வந்தது. 1944இல் அரக்கான், இம்பால் வானில் பறந்தது. அப்பொழுது அதன் விமானங்களின் உடலில் பாயும் கருஞ்சிறுத்தை ஒன்று வரையப்பட்டிருந்தது. நம்மவர் நடந்துவந்த மலைகளின்மேல் இரண்டு ஆண்டுகள் கழித்து அது பறந்தது.

இதனை என் மருமகனிடம் சொன்னபோதுதான் நன்னாவின் கதை முழுவதையும் முதன்முறையாகச் சொன்னேன். அதுவரை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதனைச் சொல்ல எனக்கு வாய்ப்பே அமையவில்லை, கேட்டாரும் இல்லை. இரண்டு எழுத்துகளை நேராக ஒட்ட வேண்டுமே என்ற கவலை ஒரு பிள்ளையைத் தன் வீட்டு வரலாற்றிடம் கொண்டுவந்து சேர்த்தது. இதையா வீண் வேலை என்கிறீர்கள்?

குறை எங்கே?

குற்றச்சாட்டில் ஓர் உண்மை உண்டு என்று முதலில் சொன்னேன். அதனை இப்பொழுது ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டியின் மேலுள்ள படத்தைப் பாருங்கள். பொன்னிற மேகங்களுக்கிடையே விமானம் பாய்கிறது. தூரத்தில் ஒன்று புகைந்துகொண்டு விழுகிறது. விழுவதற்குள் இருப்பவனுக்கும் தாய் உண்டு என்பதற்குப் படத்தில் இடமில்லை. இக்கலையில் ஈடுபட்டோரிலும் ஒரு சாரார் உண்டு. வண்ணத்தின் சாயல் ஓரிழை மாறினால் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். தறையாணிகளை ஒன்றுவிடாமல் எண்ணுவார்கள். மாண்டவர்களை எண்ணமாட்டார்கள். 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை நடந்த பிரிட்டன் வான்போரில் மாண்ட பிரிட்டிஷ் தரப்பு விமானப்படையினர் 544 பேர். 1940 செப்டம்பரில் தொடங்கி 1941 மே வரை நடந்த குண்டுவீச்சில் மாண்ட பிரிட்டிஷ் பொதுமக்கள் 40,000க்கு மேல். ஆணியைக் கணக்கிட்டு ஆளைக் கணக்கிடாத துல்லியம் பாதித் துல்லியம்தான். பாதி அளந்த வேலையை என் பட்டறையில் நான் ஏற்றதில்லை; இங்கும் ஏற்கமாட்டேன்.

என் மருமகனின் வேலையிலும் இக்குறை உண்டு. விமானத்தை வைத்தான், அதனருகே ஒரு சொல்லையும் வைக்கவில்லை. எரிமலைக்கும் இதயத்திற்கும் விளக்க அட்டை இருந்தது, விமானத்திற்கு இல்லை. விளக்கமில்லாத ஆயுதம் காண்போர் கண்ணில் விளையாட்டாகத்தான் தெரியும். நான் குறைத்த பத்து மதிப்பெண்ணில் வால்பக்கக் கோட்டுக்கு இரண்டு. அட்டை இல்லாததற்கு எட்டு.

ஆனால் குறை அதுவென்றால் பரிகாரம் என்ன? விமானத்தை அகற்றுவதா, அட்டையை வைக்கச் சொல்வதா? ஆசிரியர் ஒருவரேனும் “தம்பி, இதைப் பற்றி நாலு வரி எழுதி வை” என்று சொல்லியிருந்தால் போதுமே! அதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அகற்றுவது எளிது, கற்பிப்பது கடினம். பள்ளி கடினமானதைச் செய்வதற்காகவே இருக்கிறது.

கேட்பது இதுதான்

மூவரிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

மச்சான் அவர்களுக்கு: உங்கள் பிள்ளையின் மதிப்பெண் குறையவில்லை, விசாரித்துவிட்டேன். அவன் கைக்குக் கட்டளை இட்டிருக்கிறீர்கள், அதனை நீக்குங்கள். பயன்படாத கை சில ஆண்டுகளில் மரத்துப்போகும். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளின் கைகளைப் பார்த்தவன் சொல்கிறேன். பதினாறு வயதில் கண்ணும் கையும் சேர்ந்து பழகுவது நாற்பது வயதில் வருவதில்லை.

பள்ளியாருக்கு: இவ்வாண்டும் கண்காட்சி வரும். அதே மேசையில் அதே விமானம் இருக்க வேண்டும். அதனருகே அவன் எழுதிய அட்டை இருக்கும். இதனை வரைந்தவர் யார், செய்தவர்கள் யார், பணம் கொடுத்தவர்கள் யார், இதில் பறந்து எரிந்தவர்கள் யார், இதனால் காக்கப்பட்டவர் யார், காக்கப்படாதவர் யார் என்று ஆறு கேள்விகளும் அவற்றுக்கு விடைகளும் அதில் உள்ளன. கடைசி விடையில் ரங்கூன் இருக்கிறது.

பெரியவருக்கு: நீங்கள் போரை வெறுத்ததில் தவறில்லை, அவ்வெறுப்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் வெறுப்பைப் பதினாறு வயதுப் பிள்ளையின் மீது இறக்கிவைத்துவிட்டுச் சென்றுவிட்டீர்கள். மீண்டும் வாருங்கள். அட்டையை முழுவதும் படியுங்கள். பிறகு குனிந்து அந்த உள்ளறையைப் பாருங்கள். ஈயத்தாள் வார்கள் கட்டுவாரின்றித் தொங்க, இருக்கை வெறுமையாக இருக்கும். அதில் அமர்ந்து சென்ற பலர் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள் என்று பிள்ளையே உங்களுக்குச் சொல்வான். அதன்பின்னும் அது போரைப் போற்றுகிறது என்று உங்களுக்குத் தோன்றினால் நானே அதனை எடுத்துவந்து என் மேசையில் வைத்துக்கொள்கிறேன்.

பிள்ளை நேற்று மாலை வந்திருந்தான். வால்பக்கத்துக் கோட்டைச் சரிசெய்ய உப்புத்தாள் கேட்டான். கொடுத்திருக்கிறேன்.